மருந்தா நெனச்சு முழுங்கிடு

ரெண்டு மாசமா ஒரு விஷயம் மனசுல உறுத்திட்டே இருக்கு, எழுதினாதான் தீரும்னு தோணுது. விஷயம் ஈரல். ஆட்டு ஈரல், சின்ன வெங்காயம் நெறைய போட்டு மிளகு தூவி வறுக்கற ஈரல். இதப் படிச்ச உடனே பாதிப் பேருக்கு எச்சில் ஊறியிருக்கும், மீதிப் பேர் மூஞ்சியச் சுளிச்சிருப்பீங்க. நடுவுல நிக்கறவங்க ரொம்பக் கம்மி. சிக்கன் பத்திக் கேட்டா 'இருந்தா சாப்பிடுவேன்'னு சொல்றவங்க எவ்வளவோ பேர் உண்டு, ஈரல் பத்தி அப்படிச் சொன்ன ஒரு ஆள நான் இதுவரைக்கும் பாக்கல. ஒன்னு உயிர விடுவாங்க, இல்ல அந்தச் சட்டி இருக்கற பக்கமே வர மாட்டாங்க. நான் ரெண்டு பக்கமும் இருந்திருக்கேன். 25 வயசு வரைக்கும் அந்த வாசனை வந்தாலே வயித்தப் பெரட்டும். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும், ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்குப் போனா மொத வார்த்தை 'பாய், ஈரல் இருக்கா'தான். ஒரு ஆட்டுக்குக் கால் கிலோ, மிஞ்சிப்போனா முந்நூறு கிராம்தான் வரும், எட்டு மணிக்குள்ள போகலைன்னா தீந்துடும், அதனால சனிக்கிழமை ராத்திரியே சொல்லி வெச்சிடுவேன்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் சமையல்தான்னு இருபது வருஷமா நம்பிட்டிருந்தேன், கேக்கறவங்க கிட்டல்லாம் அடிச்சுச் சொல்லிட்டும் இருந்தேன். ஈரல் புடிக்காதுன்னு சொல்றவங்க யாரும் ஒழுங்கா வெந்த ஈரலச் சாப்பிட்டதே இல்லன்னு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என் பொண்ணு ஒரே ஒரு வாக்கியம் சொன்னா, அதுலேந்து அந்த நம்பிக்கை ஆடிப்போய் நிக்குது.

நாலு விசில்

1993. ஒன்பதாவது படிக்கறேன். காலைல பிரேயர்ல நின்னுட்டிருந்தவ கண்ணு இருட்டிக்கிட்டு வந்து அப்படியே சாஞ்சுட்டேன். ரத்தம் எடுத்துப் பாத்தா ஹீமோகுளோபின் 7.8. அந்த வயசுப் பொண்ணுக்கு 12 இருக்கணும். டாக்டர் டானிக் எழுதிக் குடுத்துட்டு, எழுந்து கெளம்பற நேரத்துல அம்மா கிட்ட 'ஈரல் குடுங்கம்மா, வாரத்துக்கு மூணு நாள் குடுங்க, ரத்தம் ஊறும்'னு சொன்னார். அவருக்கு அது ஒரு பேச்சு. எங்க வீட்ல அடுத்த நாலு மாசத்துக்கு அதுதான் சட்டம்.

எங்க வீடு திருவல்லிக்கேணி, ஜாம் பஜார் கூப்பிடற தூரம். அப்பா வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஈரல் வாங்கி வெச்சிட்டுப் போவார், நான் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும்போது மாடிப்படி ஏறும்போதே அந்த வாசனை வந்துடும். குக்கர்ல வெந்த ஈரல் வாசனை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ஈரக் காசு மாதிரி ஒரு நெடி, அது கூட மஞ்சத்தூளும் கொழுப்பும் கலந்து சுவத்துல எல்லாம் அப்பிக்கிட்டு இருக்கும். அம்மா நாலு விசில் விடுவாங்க. அப்புறம் அந்தத் தண்ணி சுண்டற வரைக்கும் வாணலியில போட்டுப் பெரட்டுவாங்க. தட்டுக்கு வரும்போது சாம்பல் கலர்ல, வெளிய ரப்பர், கடிச்சா உள்ள சாக்பீஸ் மாதிரி மாவா உதிரும், உதிர்ந்து மேலண்ணத்துல ஒட்டிக்கும். எச்சிலே பத்தாது அத எறக்க. ஆயா பக்கத்துல மோர் டம்ளரோட ஒக்காந்திருப்பாங்க, ஒரு வாய் ஈரல், ஒரு வாய் மோர். அம்மா எதிர்ல ஒக்காந்து என் மூஞ்சியையே பாத்துட்டு, "மருந்தா நெனச்சு முழுங்கிடுமா. யோசிக்காத. முழுங்கிடு" அப்படிம்பாங்க. எத்தன துண்டு போச்சுன்னு எண்ணுவாங்க. பத்து துண்டு முடிஞ்சாதான் எந்திரிக்கலாம்.

இதுல அம்மாவ நான் குத்தம் சொல்லல, சொல்லவும் மாட்டேன். மீன் கொழம்புல அவங்க கைப்பக்குவம் எங்க தெருவுக்கே தெரியும். ஆனா அவங்க பொறந்த வீட்ல ஈரல தனியா சமைச்சதே கெடயாது, கறிக்கொழம்புல கெடக்கற ஒன்னு ரெண்டு துண்டு தாத்தா தட்டுக்குத்தான் போகும். அதனால அவங்களுக்குத் தெரிஞ்ச கறி ஞானம் எல்லாம் தொடைக்கறி ஞானம்: வேகலையா, இன்னும் வேக வை. கடினமா இருக்கா, இன்னும் ஒரு விசில். கூடவே ஒரு பயம் வேற, துண்ட அழுத்தினா சிவப்பா ஏதோ கசியுதே, ஒடம்பு முடியாத புள்ளைக்கு அரைவேக்காடு குடுத்துடக் கூடாதேன்னு. எல்லாமே அக்கறைதான். அந்த அக்கறையே என் தட்டுல சாம்பலா வந்து விழுந்துச்சு.

ஹீமோகுளோபின் ஏறிடுச்சு, அது வாஸ்தவம். டானிக்கால ஏறுச்சா ஈரலால ஏறுச்சான்னு யாருக்குத் தெரியும். ஆனா பன்னெண்டாவது முடிக்கற வரைக்கும் மாட்டுக்கறிக் கடை வண்டியில கல்லுல ஈரல் வறுத்துட்டிருந்தாங்கன்னா நான் எதிர்ச்சாரிக்குப் போயிடுவேன்.

திண்டுக்கல்

2004ல கல்யாணம். வீட்டுக்காரருக்கு ஊர் திண்டுக்கல். கல்யாணமாகி மூணாவது வாரமோ நாலாவது வாரமோ, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அத்தை பின்கட்டுல ஒக்காந்து ஒரு சொளகு நெறைய சின்ன வெங்காயம் உரிச்சிட்டிருந்தாங்க. நாங்க முறம்னு சொல்றத அங்க சொளகுன்னு சொல்றாங்க, அன்னிக்குத்தான் அந்த வார்த்தையே தெரியும். நானும் ஒக்காந்து உரிச்சேன். எதுக்குன்னு கேக்கல, புது எடம், கேக்கக் கூச்சம். கொழம்புக்கா இருக்கும்னு நெனச்சேன். திண்டுக்கல் வெங்காயத்துக்குப் பேர்போன ஊரு, அந்த வீட்ல எதுக்குமே வெங்காயம் அப்படித்தான் விழும்.

அப்புறம் தூக்குவாளியிலேந்து ஈரல எடுத்தாங்க. எனக்கு வயிறு இறுக ஆரம்பிச்சது, ஆனா நகர முடியல, நின்னு பாத்துட்டிருந்தேன். அன்னிக்குப் பாத்தத அப்படியே சொல்றேன், ஏன்னா நான் இன்னிக்கும் அப்படித்தான் பண்றேன். ஈரல முழுசாவே கழுவினாங்க. "கழுவிட்டு அறு தாயி, அறுத்த பெறகு தண்ணி காட்டாத"ன்னு சொன்னாங்க. பித்தப்பை பட்டு எங்கயாவது பச்சைக் கறை இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, இருந்தா அந்த எடத்த அப்படியே வெட்டித் தூர எறிஞ்சிடணும், இல்லன்னா மொத்தச் சட்டியும் கசந்துடும். மேல கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு இருக்கும், அத நகத்தால ஒரு ஓரத்துல தூக்கி உரிச்சாங்க. அந்தச் சவ்வு சூட்டுல சுருங்கி துண்ட இழுத்துப் புடிக்கும், கடிக்கும்போது ரப்பர் மாதிரி இருக்கறதுல பாதி அதனாலதான். நடுவுல வெள்ளையா ஓடற குழாய்களயும் எடுத்துட்டாங்க. அப்புறம் துண்டு, ரொம்பப் பொடுசு இல்ல, கட்டைவிரல் நுனி அளவு.

வடச்சட்டியில நல்லெண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, தட்டின இஞ்சி பூண்டு, அப்புறம் வெங்காயம் மொத்தமும். ஈரல் கால் கிலோன்னா வெங்காயமும் கால் கிலோ. அது பாட்டுக்கு கால் மணி நேரம் சின்னத் தீயில வதங்கிட்டே இருக்கு, அத்தை அவசரப்படவே இல்ல, ஓரம் பழுப்பாகி இனிப்பு வாசனை வர வரைக்கும் விட்டாங்க. இன்னொரு பக்கம் அம்மியில மிளகும் சீரகமும் கொரகொரப்பா. அப்புறம் தீயக் கூட்டி, மஞ்சத்தூள் பெரட்டின ஈரல வெங்காயத்து மேல கொட்டி, ஒரு பக்கம் நெறம் மாற வரைக்கும் தொடாம விட்டு, அப்புறம் பெரட்டி, மிளகுப்பொடி, கடைசியா உப்பு, ஒரு துண்ட எடுத்து நடுவுல பிச்சுப் பாத்தாங்க. சிவப்பு போயிடுச்சா, போயிடுச்சு. அடுத்த நொடி சட்டி கீழ எறங்கிடுச்சு. ஈரல் அடுப்புல இருந்தது அஞ்சு நிமிஷம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் இருந்தா அதிகம்.

நான் இன்னும் விசில் வரும்னு காத்துட்டிருந்தேன்.

இதுக்கு என்ன காரணம்னு அப்புறமாத்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தொடைக்கறியில தசைகள கட்டிப் புடிக்கற கொலாஜன்னு ஒரு புரதம் நெறைய இருக்கு, அது மெதுவா ரொம்ப நேரம் வெந்தாத்தான் கரைஞ்சு ஜெலட்டினா மாறும், அதனாலதான் வேக வேகக் கறி மெத்துன்னு ஆகுது. ஈரல் தசையே கெடயாது. கரையறதுக்கு அதுல கொலாஜன் சொல்லிக்கற மாதிரி இல்ல. அதனால நேரம் ஆக ஆக உள்ள இருக்கற புரதம் இறுகி, தண்ணியப் பிழிஞ்சு வெளிய தள்ளிட்டு, உதிரியாயிடும். ஒவ்வொரு விசிலும் அத இன்னும் கெடுக்கத்தான் செய்யும். அம்மா எனக்காக இன்னும் ஒரு விசில் இன்னும் ஒரு விசில்னு விட்டாங்களே, அத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. அதே சமயம் ஒன்னு சொல்லிடறேன், உள்ள சிவப்பா இருக்கும்போதே எறக்கறது ருசின்னு சிலர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். கோழி ஈரலா இருந்தாலும் சரி ஆட்டு ஈரலா இருந்தாலும் சரி கிருமி இருக்க வாய்ப்பு இருக்கு, நடுப்பகுதி வரைக்கும் நெறம் மாறியே ஆகணும். மாறின அப்புறம் நிறுத்தணும், அவ்வளவுதான்.

அன்னிக்குச் சாப்பிட்டேனா? சாப்பிட்டேன். ரெண்டு இட்லி, ஓரத்துல கொஞ்சம் ஈரல், நெறைய வெங்காயம். அத்தை தட்ட வெச்சிட்டு, "பாரு தாயி, தேவைன்னா போட்டுக்க"ன்னு சொல்லிட்டு ஈரத்துணி வாளியத் தூக்கிட்டு மாடிக்குப் போயிட்டாங்க. மொத வெங்காயத்த மட்டும் இட்லியில வெச்சு சாப்பிட்டேன். இனிப்பும் காரமும், அடியில ஆழமா ஒரு ருசி, அது ஈரலோட எண்ணெய்ல ஊறின ருசின்னு தெரியுது, ஆனா பயமா இல்ல. அப்புறம் ஒரு துண்டு. பல்லுல பட்ட உடனே வெண்ணெய் மாதிரி விட்டுக் குடுத்துச்சு. சாக்பீஸ் இல்ல. மேலண்ணத்துல ஒட்டல. நான் பதினொரு வருஷமா வெறுத்துட்டிருந்த பொருள் இது இல்லவே இல்லன்னு தோணுச்சு. எழுந்து போய் சட்டியிலேந்து நானே இன்னும் கொஞ்சம் போட்டுக்கிட்டேன்.

வெங்காயம் ஏன்

அதுக்கப்புறம் எனக்கு ஒரு வெறி புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஆபீஸ்ல டப்பா டப்பாவா கொண்டு போய் ஈரல் புடிக்காதவங்களா பாத்து நீட்டுவேன். நாலஞ்சு பேர் மாறியிருக்காங்க. ஒரு தோழி கர்ப்பமா இருந்தப்ப, ரத்தம் ஊறட்டும்னு வாராவாரம் கொண்டு போனேன், அவ டாக்டர் கேட்டுட்டு வேணாம்னு சொல்லிட்டார். ஈரல்ல வைட்டமின் ஏ, ரெட்டினால்ங்கற வடிவத்துல, ரொம்ப அடர்த்தியா இருக்கு, அளவு மீறினா வயித்துல இருக்கற கொழந்தைக்கு ஆகாது. பிரிட்டன்ல கர்ப்பிணிகள் ஈரலே சாப்பிட வேண்டாம்னு அரசாங்கமே சொல்லுது. நம்ம வீடுகள்ல மாசமா இருக்கற பொண்ணுக்குத்தான் தேடித் தேடி ஈரல் வாங்கிக் குடுக்கறோம், அதனால இத இங்க சொல்லியே ஆகணும்னு பட்டுச்சு. டாக்டர கேட்டுட்டுக் குடுங்க.

எந்த ஊர்லயும் ஈரல் கூட வெங்காயம்தான் ஏன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். வெனிஸ்ல கன்னுக்குட்டி ஈரல வெங்காயத்தோட சமைக்கறது அந்த ஊரோட அடையாளச் சாப்பாடு. இங்கிலாந்துல பழைய தலைமுறைக்கு ஈரலும் வெங்காயமும்னு சொன்னாலே வீட்டுச் சாப்பாடு ஞாபகம், அங்கயும் அத பள்ளிக்கூடத்துல வெறைச்சுப் போன ஈரலாத் தின்னு வெறுத்தவங்க ஒரு கூட்டம் இருக்கு. செய்முறையப் பாத்தா அத்தை செஞ்சதேதான், வெங்காயம் மெதுவா நெறைய நேரம், ஈரல் கடைசியில சட்டுனு. ஈரல்ல இரும்பும் தாமிரமும் ஜாஸ்தி, ஒரு கசப்பு அடியில ஓடும், அதுக்கு எதிர்ல ஒரு இனிப்பு வேணும். ரோமாபுரிக்காரங்க அந்த இனிப்ப அத்திப்பழத்துல தேடியிருக்காங்க, பன்னிக்கும் வாத்துக்கும் அத்திப்பழமாப் போட்டு வளத்து அந்த ஈரலச் சாப்பிட்டிருக்காங்க. லத்தீன்ல ஈரலுக்கு வேற ஒரு வார்த்தை இருந்துச்சு, ஆனா இந்த 'அத்திப்பழ ஈரல்' பேச்சு வழக்குல அவ்வளவு பரவி, அத்தியக் குறிக்கற வார்த்தையே ஈரலுக்குப் பேரா நின்னுடுச்சு. இன்னிக்கு இத்தாலிக்காரங்க ஃபேகடோன்னு சொல்றதும் பிரெஞ்சுக்காரங்க ஃபுவான்னு சொல்றதும் அந்த அத்தியிலேந்து வந்ததுதான். சமையல்கட்டு ஒரு ஒடம்புறுப்போட பேரயே மாத்திடுச்சுன்னு படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நமக்கும் ஈரல் சும்மா ஒரு உறுப்பு இல்ல. பயந்தா ஈரக்கொலை நடுங்குதுன்னு சொல்றோம். மண்ணீரல சுவரொட்டின்னு கறிக்கடையில கேட்டு வாங்கி, தணல்ல சுட்டு சின்னப் புள்ளைங்களுக்கு ஊட்டறோம். ஈரலும் சுவரொட்டியும் ரத்தத்துக்கு நல்லதுன்னு எந்த டாக்டரும் சொல்றதுக்கு முன்னாடியே ஆயாக்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

கோஷா ஆஸ்பத்திரி

இந்த வருஷம் என் பொண்ணுக்கு 13 முடிஞ்சது. எப்பப் பாத்தாலும் சோர்வு, படி ஏறினா மூச்சு வாங்குது. ரத்தம் எடுத்துப் பாத்தோம், 9.1. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. அவளுக்கு மட்டும் இல்ல, 2019-21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல 15லேந்து 49 வயசு வரைக்குமான பொண்ணுங்கள்ல 100க்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு, ஆனா அந்த நம்பர் நம்ம வீட்டுக்குள்ள வந்து ஒக்காரும்போதுதான் வலிக்குது. டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, பூச்சி மருந்தும் குடுத்தாங்க, சாப்பாட்டோட டீ குடிக்காதன்னு சொன்னாங்க. ஈரல் பத்தி அவங்க வாயத் தொறக்கல. நானாத்தான் கேட்டேன். "புடிச்சா குடுங்க"ன்னாங்க.

அந்த ரெண்டு வாரம் ராத்திரில ஒக்காந்து ரத்தசோகை பத்தியும் ஈரல் பத்தியும் கெடச்சதெல்லாம் படிச்சேன். அதுல ஒரு கதை என்னால மறக்கவே முடியல. நூறு வருஷத்துக்கு முன்னாடி பெர்னிசியஸ் அனீமியான்னு ஒரு ரத்தசோகை இருந்துச்சு, வந்தா சாவுதான், மருந்தே கெடயாது. விப்பிள்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் நாய்ங்களுக்கு ரத்தத்த எடுத்துட்டு, எந்தச் சாப்பாடு குடுத்தா ரத்தம் சீக்கிரம் ஊறுதுன்னு பாத்தார். ஈரல்தான் மொத எடம். அத வெச்சு பாஸ்டன்ல மைனாட்டும் மர்ஃபியும் நோயாளிங்களுக்கு தெனமும் ஈரல் குடுத்தாங்க, கொஞ்ச நஞ்சம் இல்ல, 120லேந்து 240 கிராம் வரைக்கும். 1926ல 45 பேரப் பத்தி எழுதினாங்க, சாகக் கெடந்தவங்க எழுந்து நடந்தாங்க. 1934ல மூணு பேருக்கும் நோபல் பரிசு. அந்த மைனாட் சக்கரை நோயாளி, அப்பத்தான் கண்டுபுடிச்ச இன்சுலின் இல்லன்னா அவர் அந்த ஆராய்ச்சி பண்ண உயிரோடவே இருந்திருக்க மாட்டார். இன்னொரு ஆச்சரியம், நாய்ங்களுக்கு ரத்தம் ஊறினது ஈரல்ல இருக்கற இரும்பால, மனுஷங்க பொழச்சது ஈரல்ல இருக்கற வேற ஒரு பொருளால. அது வைட்டமின் பி12னு 1948லதான் தனியாப் பிரிச்சு எடுத்தாங்க.

ஆனா எனக்கு மனசுல நின்னது அந்த நோயாளிங்கதான். தெனமும் கால் கிலோ ஈரல். லேசா வதக்கினது, சில எடத்துல அரைச்ச பச்சை ஈரல். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, உயிர் இருக்கற வரைக்கும். சாவ முன்னாடி வெச்சுக்கிட்டும் அத எறக்க முடியாம தவிச்சிருக்காங்க. அதனாலதான் ஈரல்லேந்து சாறு எடுத்துக் குடுக்க முடியுமா, ஊசியாப் போட முடியுமான்னு அவ்வளவு வேகமா வேலை நடந்துச்சு. உயிரக் காப்பாத்தற சாப்பாடா இருந்தாக்கூட, கட்டாயம்னு ஆயிட்டா தொண்டை மூடிக்கும்னு அதப் படிக்கும்போதே எனக்குப் புரிஞ்சிருக்கணும். புரியல.

இதுல இன்னொன்னும் தெரிய வந்துச்சு. லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா, 1928ல பம்பாய் வந்து மில்லுல வேலை பாக்கற கர்ப்பிணிங்களுக்கு வர ரத்தசோகைய ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சுத்தமாப் பிரிச்செடுத்த ஈரல் மருந்து அவங்களுக்கு வேலை செய்யல, ரொம்பச் சுத்தம் பண்ணாத ஈரல் சாறும் ஈஸ்ட்லேந்து செய்யற மார்மைட்டும் வேலை செஞ்சது. அதுல ஒளிஞ்சிருந்ததுதான் ஃபோலிக் ஆசிட், இன்னிக்கு ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குடுக்கற மாத்திரை. அந்த அம்மா 1929ல குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்ல வேலை பாத்திருக்காங்க, 1931ல மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாத்திருக்காங்க. எந்த ஆஸ்பத்திரின்னு பாத்தா, கோஷா ஆஸ்பத்திரி. இப்ப கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரின்னு போர்டு இருக்கும், எங்க ஏரியாவுல பெரியவங்க இன்னிக்கும் கோஷா ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க. நான் பொறந்தது அங்கதான். எங்க அம்மா வயித்துல நான் இருந்தப்ப அவங்க முழுங்கின ஃபோலிக் ஆசிட் மாத்திரையோட வேர் அதே கட்டடத்து வார்டுகள்ல ஓடியிருக்குன்னு படிச்சப்ப ராத்திரி ஒரு மணி, எழுப்பிச் சொல்லக்கூட ஆள் இல்ல, ஒடம்பு சிலிர்த்துப் போச்சு.

இவ்வளவையும் மண்டையில ஏத்திக்கிட்டுதான் அந்த ஞாயித்துக்கிழமை நான் கரண்டியப் புடிச்சேன்.

பொண்ணு சொன்னது

ஈரல் அருமையா வந்திருந்துச்சு. இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அத்தை சொன்ன மாதிரி கழுவி, சவ்வு உரிச்சு, வெங்காயத்துக்குக் கால் மணி நேரம், ஈரலுக்கு அஞ்சு நிமிஷம். தட்டுல போட்டு தோசையோட வெச்சேன். அவ ஒரு துண்டு வாயில போட்டா. மென்னா. மென்னுட்டே இருந்தா. நான் எதிர்ல ஒக்காந்திருந்தேன். ரெண்டாவது துண்டு எடுத்தவ அத தட்டுல ஓரமா வெச்சா. எனக்குள்ள என்னமோ பதறுது, 9.1, 9.1னு அடிச்சுக்குது. "நல்லா இல்லையா?" "நல்லாத்தான் இருக்கு." "அப்புறம் என்ன, சாப்பிடு." "வேணாம்மா." அப்பத்தான் அது என் வாயிலேந்து வந்துச்சு. "மருந்தா நெனச்சு முழுங்கிடுமா." அதே வாக்கியம். அதே இழுவை. முப்பது வருஷம் எங்கயோ மடிச்சு வெச்சிருந்தது அப்படியே கசங்காம வெளிய வந்துச்சு.

அவ சாப்பிட்டா. மொத்தம் நாலு துண்டு. நான் எண்ணியிருக்கேன் பாருங்க. அஞ்சாவதுக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பேசினுக்கு ஓடிப் போய் துப்பிட்டு வந்து, மூஞ்சியத் தொடச்சிக்கிட்டே சொன்னா: "நீ சமைக்கும்போதுலேந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கம்மா. அதான் எறங்க மாட்டேங்குது."

எனக்கு பதில் வரல. சண்டையா அவ சொல்லல, அழுதுட்டும் சொல்லல, காரணம் கேட்டா சொல்ற மாதிரிதான் சொன்னா. சட்டிய எடுத்து மூடி வெச்சிட்டு சமையல்கட்டுலயே ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தேன். அப்பத்தான் திண்டுக்கல் வீட்டுப் பின்கட்டு ஞாபகத்துக்கு வந்துச்சு. இத்தன வருஷமா அந்தக் காலைய நான் எவ்வளவு பேருக்குச் சொல்லியிருப்பேன், வெங்காயம், நல்லெண்ணெய், அம்மியில அரைச்ச மிளகு, அஞ்சு நிமிஷம். ஈரத்துணி வாளிய ஒரு தடவகூடச் சொன்னதில்ல. அது எனக்கு ஒரு விஷயமாவே தோணல. அத்தை தட்ட வெச்சிட்டுப் போயிட்டாங்க. நான் அந்த மொதத் துண்ட வாயில வெக்கும்போது என் மூஞ்சியப் பாக்க அங்க யாருமே இல்ல. புடிக்கலைன்னா வாழ மரத்தடியில துப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்த வீட்டுக்குப் போன புதுசு, அவங்க நின்னு பாத்துட்டிருந்தா நான் சிரிச்சிட்டே எப்படியாவது முழுங்கியிருப்பேன், அப்புறம் வாழ்நாள் முழுக்க அத வெறுத்திருப்பேன்.

எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே என் வீட்டுக்காரர் நான் ஈரல் சாப்பிட மாட்டேன்னு அவங்க கிட்ட சொல்லியிருந்திருக்கார், இத அவர் எனக்குச் சொன்னதே போன மாசம்தான். அப்படின்னா தெரிஞ்சேதான் வெச்சாங்க. தெரிஞ்சேதான் போனாங்களா, இல்ல வெயில் போறதுக்குள்ள துணி காயப் போடணும்னு போனாங்களா? கேக்கறதுக்கு அத்தை இப்ப இல்ல, 2019ல போயிட்டாங்க.

நான் சொல்லிட்டு வந்த அஞ்சு நிமிஷக் கணக்கு தப்புன்னு சொல்லல. நாலு விசில் விட்ட ஈரலோட தட்ட வெச்சிட்டு அத்தை மாடிக்குப் போயிருந்தா நான் வாழ மரத்தடிக்குத்தான் போயிருப்பேன். சமையல் சரியா இருக்கணும், அதுல மாத்தமே இல்ல. ஆனா ஆபீஸ்ல நான் டப்பாவ நீட்டினப்ப மாறாதவங்களும் இருந்தாங்களே, அவங்க மொகமெல்லாம் இப்ப வரிசையா வருது. டப்பாவ நீட்டிட்டு பக்கத்துலயே நின்னு 'எப்படி இருக்கு எப்படி இருக்கு'ன்னு கேட்டிருக்கேன். என் தம்பி இன்னிக்கும் ஈரல் தொட மாட்டான். அவனுக்கு யாரும் ஈரல் ஊட்டினதே இல்ல, கட்டாயப்படுத்தினதே இல்ல. நான் சாப்பிடறத எதிர்ல ஒக்காந்து பாத்தவன் அவன், அப்ப அவனுக்கு ஏழு வயசு. அவனுக்கு எத்தனையோ தடவ செஞ்சு குடுத்து, 'டேய் ஒழுங்கா வெந்தத நீ சாப்பிட்டதே இல்லடா'ன்னு சண்டை போட்டிருக்கேன். அவன் நாக்குக்கு ஈரல் புடிக்காமலே போகலாம், அதுவும் சரிதான்னு ஒத்துக்க எனக்கு 46 வயசாகியிருக்கு.

மாத்திரை ஒழுங்காப் போட்டுட்டு இருக்கா. போன வாரம் பாத்தப்ப 10.6. டாக்டருக்குத் திருப்தி. டீய ரெண்டு வேளையும் சாப்பாட்டுக்கு ரொம்ப நேரம் தள்ளி வெச்சுட்டோம், மாத்திரையோட ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ். ஈரல் பேச்சே நான் எடுக்கறதில்ல.

அம்மா இப்ப எங்க கூடத்தான் இருக்காங்க, 71 வயசு. போன ஞாயித்துக்கிழமை எனக்கும் அவங்களுக்கும் மட்டும்னு கால் கிலோ வாங்கிட்டு வந்தேன். வெங்காயம் அம்மா உரிச்சாங்க. ஈரல் சட்டியில விழுந்து கொஞ்ச நேரத்துல நான் எறக்கப் போனேன், அம்மா கையப் புடிச்சுக்கிட்டாங்க, "இன்னும் வேகட்டும்மா, பச்சையா இருக்கும்"னு. ஒரு துண்டப் பிச்சுக் காட்டினேன். வாங்கி வாயில போட்டு ரொம்ப நேரம் மென்னாங்க. அப்புறம், "அப்ப எனக்குத் தெரியாமப் போச்சே"ன்னாங்க. வேற ஒன்னும் சொல்லல. நானும் சொல்லல. ரெண்டு பேரும் தோசையோட சாப்பிட்டோம்.

சட்டி மேடையிலயே இருந்துச்சு. பொண்ணு அவ தோசைய எடுத்துட்டு வந்தவ சட்டிக்குப் பக்கத்துல நின்னா. கரண்டியால ஈரல் துண்ட எல்லாம் ஒதுக்கி ஒதுக்கி, எண்ணெய்ல ஊறிப் பழுப்பாக் கெடந்த வெங்காயத்த மட்டும் அள்ளி தட்டுல வெச்சுக்கிட்டா. ஓரக்கண்ணால எனக்குத் தெரிஞ்சுது. நான் வாஷிங் மெஷின்லேந்து துணிய எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போனேன்.